விக்னெட் போட்டா வேட்டி அழுக்காத் தெரியுது, என்ன பண்றது?

அமராவதி | செப்டம்பர் 4, இரவு 9:10

தாராபுரத்துல ஒரு கல்யாண ஆல்பம் டிசைன் ஓடிட்டு இருக்குதுங்க. மாப்பிள்ளை தனியா நிக்கிற படம், செங்குத்து பிரேம், முழங்கால் வரைக்கும். லைட்ரூம்ல (போட்டோ திருத்தற சாஃப்ட்வேர்) எஃபெக்ட்ஸ் பகுதியில விக்னெட் (படத்தோட ஓரத்தை மங்க வெக்கிறது) அமௌண்ட் மைனஸ் 40 வெச்சேன். முகம் எடுப்பா வரும்னு பார்த்தா வேட்டி கீழ்ப்பாதி சாம்பல் பூசின மாதிரி ஆகுது, முகமும் மங்குது. மைனஸ் 15க்குக் குறைச்சா போட்ட மாதிரியே தெரியலை. எத்தனை வெச்சா சரியா வருங்ணா?

நொய்யல் | செப்டம்பர் 4, இரவு 10:25

எத்தனைங்கறதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. நடு எங்கே விழுதுன்னு முதல்ல பாருங்க. எஃபெக்ட்ஸ்ல இருக்கிற போஸ்ட்-கிராப் விக்னெட்டிங் எப்பவுமே கிராப்போட நட்டநடுவைத்தான் மையமா எடுத்துக்கும். அதை நகர்த்த வழியே கிடையாது. முழங்கால் வரைக்கும் எடுத்த செங்குத்துப் படத்துல முகம் மேல மூணுல ஒரு பங்குல இருக்கும், நடு வயித்துல விழும். அதனால இடுப்பும் துண்டும் பளிச்னு நிக்க, முகமும் வேட்டிக் கரையும் சேர்ந்து மங்குது.

நேர்ல பார்க்கணும்னா அமௌண்ட்டை மைனஸ் 100க்கும் ஃபெதரை (விளிம்பு எவ்வளவு மெதுவாக் கரையணும்ங்கற அளவு) 0க்கும் கொண்டு போங்க. கத்தரிச்ச மாதிரி ஒரு முட்டை வடிவம் தெரியும். முகம் அதுக்குள்ள முழுசா இருக்குதா, நெத்தி வெட்டுப்படுதான்னு பாருங்க. மிட்பாயிண்ட் குறைஞ்சா இருட்டு உள்ள வரும், கூடினா மூலையோட நிக்கும். ரவுண்ட்னெஸ் 0ன்னா பிரேமோட அளவுக்கேத்த முட்டை, பிளஸ் 100ன்னா வட்டம், மைனஸ் 100ன்னா கிட்டத்தட்ட செவ்வகக் கட்டம். வடிவம் சரியான பிறகு ஃபெதரை 70, 80க்கு ஏத்தி, அமௌண்ட்டைக் குறைச்சுக்குங்க.

முகம் நட்டநடுவுல இருக்கிற மார்பளவுப் படத்துக்குத்தான் இந்தக் கருவி. உங்க படத்துக்கு மாஸ்க்கிங்ல (படத்துல ஒரு பகுதியை மட்டும் திருத்தற இடம்) ரேடியல் கிரேடியண்ட் போடுங்க. ஷிஃப்ட்+எம் அழுத்தி, முகத்துல இருந்து இழுத்து, தோள் ரெண்டும் உள்ள வர்ற அளவுக்கு ஒரு ஓவல். இன்வெர்ட் பண்ணுங்க, ஓவலுக்கு வெளிய மட்டும் மங்கும். ஃபெதர் 100. எக்ஸ்போஷர் மைனஸ் 0.30ல ஆரம்பிங்க, 0.60ஐத் தாண்ட வேண்டாம். கான்ட்ராஸ்ட், கிளாரிட்டி எதையும் அந்த மாஸ்க்குல தொடாதீங்க.

நொய்யல் | செப்டம்பர் 5, காலை 6:50

ராத்திரி எழுதினதுல ஒரு திருத்தம். ‘தோள் ரெண்டும் உள்ள வர்ற அளவுக்கு’ன்னது பத்தாது. ஃபெதர் 100 வெச்சா மாற்றம் ஓவலோட கோட்டுல தொடங்காது, அதுக்கு உள்ளேயே தொடங்கிடும். தோளோட நிக்கிற ஓவல்னா தாடையும் காதும் ஏற்கெனவே மங்க ஆரம்பிச்சிருக்கும். முகம் ஓவலோட உள்பாதிக்குள்ள அடங்கணும். அதாவது முகத்தைப் போல ரெண்டரை, மூணு மடங்கு அகலம். ஓ விசையை அழுத்தினா மாஸ்க் சிவப்பா தெரியும். கன்னத்துல சிவப்புச் சாயம் இருந்தா ஓவலைப் பெருசு பண்ணுங்க.

பவானி | செப்டம்பர் 5, காலை 8:15

நொய்யல் அண்ணா சொன்னது சரி. ஆனா போஸ்ட்-கிராப்பை ஒட்டுக்கா ஒதுக்க வேண்டாமுங்க. அதுல ஸ்டைல் மூணு இருக்குது. ஹைலைட் பிரையாரிட்டி வெளிச்சமான இடத்தைக் காப்பாத்தும், ஆனா இருட்டான பக்கம் நிறம் மாறும். கலர் பிரையாரிட்டி நிறத்தைக் காப்பாத்தும், போன வெளிச்சத்தைத் திருப்பித் தராது. பெயிண்ட் ஓவர்லே வெறும் கறுப்பையோ வெள்ளையையோ கலக்குது, படம் தட்டையா போயிடும். பட்டுச்சேலை படத்துக்கு நான் கலர் பிரையாரிட்டிதான் வெப்பேன். அரக்கு பார்டர் ஓரத்துல வரும்போது நிறம் பிசகினா, சேலை எடுத்தவங்க கண்ணுல உடனே படும்.

அப்புறம் கடைசியா ஒரு ஹைலைட்ஸ் ஸ்லைடர் இருக்குது பாருங்க. அமௌண்ட் மைனஸ்ல இருக்கும்போது மட்டும் வேலை செய்யும், பெயிண்ட் ஓவர்லேல வேலை செய்யாது. அதை 50, 60க்கு ஏத்தினா ஓரத்துல இருக்கிற வெள்ளை அவ்வளவா மங்காது.

நொய்யல் | செப்டம்பர் 5, இரவு 9:40

ஹைலைட்ஸ் ஸ்லைடரை நான் விட்டுட்டேன், பவானி சொன்னது நல்லதாப் போச்சு. வேட்டிக் கேள்விக்கு வர்றேன். கணக்காவே பார்த்துடலாம்.

0 கறுப்பு, 255 வெள்ளைங்கற கணக்குல, நடுவுல 240 இருக்கிற வெள்ளை வேட்டி அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது) குறைஞ்சா சுமார் 206 ஆகும். ஒரு ஸ்டாப் குறைஞ்சா 176. தலைமுடி 40ல இருந்தா அரை ஸ்டாப்புக்கு 33, ஒரு ஸ்டாப்புக்கு 26. முடியில ஏழு எண் போனது யாருக்கும் தெரியாது. வேட்டியில முப்பத்துநாலு போனா எல்லாருக்கும் தெரியும், ஏன்னா மேல் மடிப்பு வெள்ளையாவும் கீழ் மடிப்பு சாம்பலாவும் ஒரே துணியில பக்கத்துல பக்கத்துல நிக்குது. துணி வெள்ளைன்னு கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால அதை நிழல்னு எடுத்துக்காது, கறைன்னுதான் எடுத்துக்கும். விக்னெட் எங்கே அழுக்காகும்னு கேட்டா, ஓரத்துல வெள்ளை இருக்கிற இடத்துல. வேட்டி, மணமேடை வெள்ளைத் துணி, சுண்ணாம்புச் சுவர், மல்லிகைச் சரம்.

வழி என்னன்னா, அந்த ரேடியல் மாஸ்க்கோட மூணு புள்ளி மெனுவுல இன்டர்செக்ட் போய் லூமினன்ஸ் ரேஞ்ச் (வெளிச்ச அளவை வெச்சு இடத்தைத் தேர்ந்தெடுக்கறது) எடுங்க. 0 முதல் 70 வரைக்கும் முழுசா, 70ல இருந்து 90க்குள்ள படிப்படியா இறங்கற மாதிரி வைங்க. 240ங்கறது சதவீதத்துல 94, அதனால வேட்டி மாஸ்க்கை விட்டு வெளிய போயிடும். பேக்ரவுண்டும் தோலும் மட்டும் மங்கும். பேக்ரவுண்ட்லயும் வெள்ளை இருந்தா அதுவும் தப்பிச்சுடும்தான். அதை தனி பிரஷ்ல இறக்கிக்கணும்.

செலக்ட் சப்ஜெக்ட் போட்டு ஆளை மொத்தமா கழிக்கலாமேன்னு தோணும். செய்ய வேண்டாம். பேக்ரவுண்ட் மங்கி, ஆள் மட்டும் அப்படியே நின்னா, ஃப்ளெக்ஸ்ல வெட்டி ஒட்டின மாதிரி ஆயிடும். காதோரத்துலயும் முழங்கையோரத்துலயும் வெளிச்சக் கோடு வேற தெரியும். மேல இருந்து விழற வெளிச்சம் கீழ போகப் போகக் குறையறது இயல்பு. தொடை, முழங்கால் பக்கம் கொஞ்சம் மங்கினாத்தான் ஆள் அந்த இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும்.

அமராவதி | செப்டம்பர் 5, இரவு 11:05

லூமினன்ஸ் ரேஞ்ச் போட்டதும் வேட்டி தெளிஞ்சிருச்சுங்ணா. எக்ஸ்போஷர் மைனஸ் 0.45ல நிக்குது.

ஆழியாறு | செப்டம்பர் 6, காலை 7:30

ஏனுங்க, எங்க பொள்ளாச்சிப் பக்கம் வேற தொந்தரவு. தென்னந்தோப்புக்குள்ள எடுத்தா மட்டைச் சந்துல வெள்ளை வெள்ளையா பொட்டு. விக்னெட் போட்டு அதை அமுக்கலாம்னு பார்த்தா பொட்டு சாம்பல் வட்டமா மாறி இன்னும் கண்ணை உறுத்துது.

நொய்யல் | செப்டம்பர் 6, காலை 9:20

255ல அடிச்சு நின்ன பொட்டுல தகவலே இல்லைங்க. அரை ஸ்டாப் குறைச்சா 219ல ஒரு தட்டையான வட்டம் கிடைக்கும், அவ்வளவுதான். வானத்துத் துண்டு வெளிச்சமா இருக்கிறது இயல்பு, சாம்பலா இருக்கிறதுதான் பொய். ரா (RAW) ஃபைலா எடுத்திருந்தா முதல்ல ஹைலைட்ஸை மைனஸ் 60, 70க்கு இறக்கிப் பாருங்க, ஏதாவது மீண்டு வரும். மீளாததுல முகத்துக்கு ஒரு சாண் பக்கத்துல இருக்கிற பொட்டை ஹீல் கருவியில மட்டை நிறத்தை வெச்சு மூடிடுங்க. தூரத்துல இருக்கிறதை விட்டுடலாம். விக்னெட் அதுக்கு அப்புறம்தான். உறுத்தறதை மறைக்க விக்னெட்டை நம்பினா அளவு தானா எச்சாப் போயிடும்.

தோப்புல இன்னொண்ணு. ஏற்கெனவே ஓரம் இருட்டு, நடு வெளிச்சம்னு மட்டைகளே விக்னெட் போட்டு வெச்சிருக்கும். அங்கே முகத்தை 0.20 ஏத்தறது, ஓரத்தை 0.40 இறக்கறதை விட நல்லா வரும். ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டற வரைபடம்) இடது பக்கம் குவிஞ்சிருந்தா ஓரத்தை இறக்காதீங்க, முகத்தை ஏத்துங்க.

பவானி | செப்டம்பர் 6, மதியம் 1:10

எஃப் 1.8ல (லென்ஸை நல்லாத் திறந்து வெச்சு) எடுத்தா லென்ஸே விக்னெட் தருதே, அதை ஏன் சரிபண்ணிட்டு மறுபடி போடணும்?

நொய்யல் | செப்டம்பர் 6, இரவு 10:00

போட வேண்டியதில்லைங்கறதுதான் என் கட்சியும். லென்ஸ் கரெக்ஷன்ஸ்ல புரொஃபைல் டிக் பண்ணினா ஓர வெளிச்சத்தை ஏத்திடும், கூடவே மூலையில நாய்ஸும் ஏறும். புரொஃபைல் பகுதியிலயே கீழ விக்னெட்டிங்னு ஒரு ஸ்லைடர், 0ல இருந்து 200 வரைக்கும், இயல்பா 100ல நிக்கும். டிஸ்டார்ஷனை அப்படியே விட்டுட்டு இதை மட்டும் 0க்கோ 50க்கோ இறக்கிடலாம். லென்ஸ் தந்த ஓர இருட்டு பல போர்ட்ரெய்ட்டுக்கு அதுவே போதும்.

ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, லென்ஸ் விக்னெட்டோட நடு சென்சாரோட நடு. ஒரு பக்கமா கிராப் பண்ணினா ஒரு மூலை இருட்டு, எதிர் மூலை வெளிச்சம்னு ஆயிடும். கிராப் பண்ணின படத்துக்கு 100ல விட்டுட்டு ரேடியல் போடறதே சுத்தம். ரெண்டு, புரொஃபைலை அணைச்சு வெச்சு, அது மேல இன்னொரு விக்னெட்டும் போட்டா ரெண்டும் கூடிடும். அமராவதி தம்பியோட மைனஸ் 40ல இதுவும் சேர்ந்திருக்கலாம், பார்த்துக்குங்க.

எவ்வளவு விழும்னு கேட்டா, சாய்வா வர்ற வெளிச்சம் கொசைனோட நாலாம் படியில குறையும். முழு பிரேம்ல 85 மில்லிமீட்டருக்கு மூலைக் கோணம் 14 டிகிரி சொச்சம், இந்தக் கணக்குல 0.2 ஸ்டாப்கூட வராது. 50 மில்லிமீட்டருக்கு அரை ஸ்டாப். மிச்சம் முழுக்க லென்ஸ் குழாயே ஓரக் கதிரை மறைக்கறதால வர்றது. அபெர்ச்சரை (லென்ஸ் துவாரம்) ரெண்டு ஸ்டாப் மூடினா அது பெரும்பாலும் போயிடும், கொசைன் கணக்கு மட்டும் மாறாது. மூலையில இருக்கிற பல்பு வெளிச்சம் வட்டமா இல்லாம பூனைக் கண் மாதிரி வந்தா காரணம் அந்த மறைப்புதான்.

அமராவதி | செப்டம்பர் 7, மாலை 6:40

பார்த்தேனுங்க, புரொஃபைல் அணைஞ்சுதான் இருந்துச்சு.

நொய்யல் | செப்டம்பர் 8, காலை 7:15

குரூப் படத்துக்கும் சேர்த்து சிங்க் (ஒரு படத்தோட செட்டிங்கை மத்ததுக்கும் ஒட்டறது) அடிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். குரூப்புக்கு விக்னெட் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் மேடையில பங்காளிங்க, மாமன் மச்சான் எல்லாரும் பதினஞ்சு இருபது பேர் வரிசையா நிப்பாங்க. நடுவுல மாப்பிள்ளை பொண்ணு, ரெண்டு ஓரத்துல பெரியம்மாவும் சித்தப்பாவும். ஓரத்துல அரை ஸ்டாப் இறக்கினா அவங்க முகம்தான் போகும், அதுலயும் கறுத்த முகமா இருந்தா கண்ணும் புருவமும் சேர்த்தே போயிடும். ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் அவங்க முதல்ல தேடறது தங்களைத்தான். அந்த முகம் தெரியணும். மேல சீரியல் லைட் ரொம்ப அடிச்சா, மேல இருந்து தலைக்கு ஒரு அடி உயரம் வரைக்கும் ஒரு லீனியர் கிரேடியண்ட், மைனஸ் 0.40. அதோட நிறுத்திடுங்க.

இணைச்சீர் (மாப்பிள்ளையும் தங்கச்சியும் சேர்ந்து நிக்கிற கல்யாணச் சடங்கு) படமும் இப்படித்தான். அங்கே மாப்பிள்ளை மட்டுமில்லை, தங்கச்சியும் சேர்ந்தாத்தான் படம். ஒரு முகத்துல மையம் வெச்சா இன்னொண்ணு நிழல்ல விழும். ரெண்டு முகத்தையும் சேர்த்துப் படுத்தாப்புல ஒரு அகல ஓவல் போடுங்க. அருமைக்காரர் கை ஓரத்துல வந்தா அதுவும் உள்ள இருக்கணும், சீரைச் செஞ்சு வைக்கிறது அந்தக் கை.

ஆழியாறு | செப்டம்பர் 8, இரவு 8:30

மண்டபத்துல பின்னாடி ஒரே நிறச் சுவர். விக்னெட் போட்டா வளையம் வளையமா கோடு விழுது. வாட்ஸப்ல அனுப்பினா இன்னும் மோசம்.

நொய்யல் | செப்டம்பர் 8, இரவு 10:45

சுவர் 90ல இருந்து 60 வரைக்கும் 1500 பிக்சல் தூரத்துல மங்குதுன்னு வெச்சுக்குங்க. 8 பிட் ஃபைல்ல (0ல இருந்து 255 வரைக்கும்தான் எண்) இடையில இருக்கிறது 30 படிதான். ஒவ்வொரு படிக்கும் 50 பிக்சல் அகலம். சுவர்ல பூச்சு, தூசி, நாய்ஸ் எதுவும் இல்லைன்னா அந்தப் படியோட விளிம்பு கண்ணுக்குத் தெரியும். நாய்ஸ் ரிடக்ஷன் எச்சா போட்ட படத்துல இன்னும் தெளிவாத் தெரியும்.

மருந்து கொஞ்சூண்டு மணல். லைட்ரூம்ல கிரெய்ன் அமௌண்ட் 8ல இருந்து 12. போட்டோஷாப்ல மேல ஒரு புது லேயர், 50 சதவீத சாம்பல் நிரப்பி, ஓவர்லே மோடு, ஆட் நாய்ஸ் 2 சதவீதம், காஸியன், மோனோகுரோமாட்டிக். ஃபைலை 16 பிட்லயே வெச்சு வேலை செஞ்சு, கடைசியாத்தான் 8 பிட் ஜேபெக். ஏற்கெனவே 8 பிட் ஜேபெக்கா வந்ததை 16க்கு மாத்தினா பழைய படி மறையாது, ஆனா புதுசா போடற விக்னெட்டோட கணக்கு மேற்கொண்டு சேதம் பண்ணாது. வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா அது மறுபடி அமுக்கும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

பவானி | செப்டம்பர் 9, காலை 8:00

போட்டோஷாப்ல நேரா போடறவங்களுக்கும் எழுதுங்கண்ணா. இங்கே ஈரோட்டுல பாதி டிசைனருங்க எலிப்டிகல் மார்க்கீ போட்டு, இன்வெர்ஸ், ஃபெதர் 250, டெலீட்னு இன்னும் பண்ணிட்டு இருக்காங்க.

நொய்யல் | செப்டம்பர் 9, இரவு 9:15

6000 பிக்சல் உயரமுள்ள படத்துல 250 பிக்சல் ஃபெதர்ங்கறது கத்தி வெட்டு மாதிரி. சுலபமான வழி இதுங்க.

எல்லா லேயருக்கும் மேல ஒரு கர்வ்ஸ் லேயர். நடுப்புள்ளியைப் பிடிச்சுக் கீழ இழுங்க, இன்புட் 128, அவுட்புட் 105 போதும். படம் முழுக்க மங்கிடும். இப்போ அதோட மாஸ்க்குல நின்னு, கறுப்பு நிறம், பிரஷ் ஹார்ட்னெஸ் 0, அளவு 4000 பிக்சல் (5000 வரைக்கும் போகும்), மூக்கு மேல வெச்சு ஒரே ஒரு கிளிக். முகத்துல பழைய வெளிச்சம் திரும்பிடும், விளிம்பே தெரியாது. பத்தலைன்னா ஒபாசிட்டி 30 சதவீதத்துல நெஞ்சுப் பக்கம் இன்னொரு கிளிக். அளவு கூடிப்போச்சுன்னா லேயர் ஒபாசிட்டியைக் குறைங்க, கர்வைத் தொட வேண்டாம்.

கர்வ்ஸை நார்மல் மோடுல விட்டா மங்கற இடத்துல நிறம் கெட்டியாகும். கழுத்தும் கையும் செங்கல் நிறத்துக்குப் போகும், மஞ்சள் பூசின தோல்ல இது சீக்கிரமே தெரிஞ்சுடும். லூமினாசிட்டி மோடுக்கு மாத்துங்க. அப்பவும் பச்சைப் பேக்ரவுண்ட் வெளிறித் தெரிஞ்சா நார்மல்லயே விட்டு, தோல் மட்டும் மாஸ்க்குல துடைச்சுக்கலாம். கோபிப் பக்கம் வயல்ல எடுத்த படத்துக்கு நார்மல்தான் பொருந்தும். பச்சை கெட்டியானாத்தான் வயல் வயலாத் தெரியும்.

வேட்டிக்கு இங்கே பிளெண்ட் இஃப், வெளிச்சமான இடத்துல லேயர் படாம விலக்கற வழி. லேயரை டபுள் கிளிக் பண்ணி, அண்டர்லையிங் லேயர்ல வெள்ளை முக்கோணத்தை ஆல்ட் பிடிச்சுப் பிளந்து 170க்கும் 230க்கும் வைங்க.

கேமரா ரா ஃபில்டரும் இருக்குது, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ. லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டா மாத்திட்டுப் போங்க, இல்லைன்னா நாளைக்குத் திருத்த முடியாது.

நொய்யல் | செப்டம்பர் 10, காலை 6:30

காசு போடாத வழி கேட்டு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. டார்க்டேபிள்ல விக்னெட்டிங்னு ஒரு மாட்யூல் இருந்தாலும், எக்ஸ்போஷர் மாட்யூல்ல எலிப்ஸ் மாஸ்க் வரைஞ்சு, தலைகீழாக்கி, மைனஸ் 0.5 போடறதுதான் இயல்பா வரும். கிம்ப்ல ஃபில்டர்ஸ், லைட் அண்ட் ஷேடோ, விக்னெட். அதுல ரேடியஸ், சாஃப்ட்னெஸ், காமாவோட மையத்தையும் நகர்த்தலாம், அதனால முகத்துல கொண்டுபோய் வெச்சுக்குங்க. நிறம் சுத்தக் கறுப்பா இருக்கும், பேக்ரவுண்டோட கருநிழல் நிறத்துக்கு மாத்துங்க. 2025 மார்ச்ல வந்த 3.0ல ஃபில்டர் லேயரோட ஒட்டியே நிக்குது, பின்னாடி திருத்தலாம். போன்ல ஸ்னாப்சீட் விக்னெட். நீலப் புள்ளியை முகத்துக்கு இழுங்க, ரெண்டு விரல்ல வட்டத்தைப் பெருசாக்குங்க, அவுட்டர் பிரைட்னெஸ் மைனஸ் 20, 25. இன்னர் பிரைட்னெஸ் பிளஸ் 5 தாண்டினா நெத்தி எண்ணெய் வடியும்.

ஆழியாறு | செப்டம்பர் 10, மாலை 5:50

குழந்தை படத்துக்கு வெள்ளை விக்னெட் போடறாங்களே, அதுங்க?

நொய்யல் | செப்டம்பர் 10, இரவு 9:30

அதுதான் மூத்தது. விக்னெட்ங்கற சொல்லே பிரெஞ்சுல சின்னத் திராட்சைக் கொடி. பழைய புத்தக ஓரத்துல வரைஞ்ச கொடி அலங்காரத்துக்கு அந்தப் பேர். பிறகு தலையும் தோளும் தெரிஞ்சு சுத்தி வெள்ளையில கரையற ஸ்டுடியோ படத்துக்கும் அதே பேர் வந்துச்சு. லைட்ரூம்ல இதுக்கு மட்டும் பெயிண்ட் ஓவர்லே எடுங்க, அமௌண்ட் பிளஸ் 100. மத்த ரெண்டு ஸ்டைலும் வெளிச்சத்தைத்தான் ஏத்தும், கருநீலச் சுவர் வெளிர்நீலமா நின்னுடும், காகித வெள்ளைக்குப் போகாது. நினைவஞ்சலிப் படத்துக்கும் இதே முறை. அங்கே நரைச்ச முடி வெள்ளையில கரைஞ்சுடாம பாருங்க, மிட்பாயிண்ட்டைக் கூட்டி முடிக்கு மேல ரெண்டு விரல் இடம் விடணும்.

பவானி | செப்டம்பர் 11, காலை 9:05

பிரிண்ட் பத்தி யாரும் பேசலையேங்க. 12×36 ஷீட்ல நாலு படம் வெச்சா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி விக்னெட். பக்கத்தைத் திறந்தா நாலு குழி மாதிரி இருக்குது.

நொய்யல் | செப்டம்பர் 11, இரவு 10:20

ஒரு ஷீட்டுக்கு ஒரு விக்னெட்தான். பெரிய படத்துக்கு மட்டும் போட்டு, சின்னப் படங்களைத் தட்டையா விடுங்க. ரெண்டு பக்கமும் விரிஞ்ச ஒரே படம்னா ஷீட்டோட நடுவுல மையம் வைக்காதீங்க, அங்கே மடிப்புதான் இருக்குது. முகம் இருக்கிற பக்கத்துல வைங்க. ஓரத்துல லேப் வெட்டற அளவையும் முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க, விக்னெட்டோட கடைசி இருட்டு அந்த வெட்டுல போயிடும்.

திரை தானே ஒளி விடுது, காகிதம் விழற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருது. அதனால திரையில சரியாத் தெரியற விக்னெட் பிரிண்ட்ல ஒரு பங்கு கூடித் தெரியும். மேட் காகிதத்துல ஆழ்ந்த நிழல் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துடும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைச்சு ஒரு தடவை பாருங்க. மூலையில விவரம் இருந்தா எண் 15க்குக் கீழ போகக் கூடாது. லைட்ரூம்ல எண் சதவீதமாத் தெரியும், எஸ் விசையை அழுத்தி சாஃப்ட் புரூஃப் (பிரிண்ட் எப்படி வரும்னு திரையிலேயே பார்க்கறது) போட்டா 0ல இருந்து 255 கணக்குல காட்டும். நிச்சயமில்லைன்னா அந்த மூலையை மட்டும் முழு அளவுல வெட்டி 4×6ல ஒரு பிரிண்ட் எடுங்க. மொத்த ஷீட்டையும் திரும்ப அடிக்கிறதை விட இது மலிவு.

அமராவதி | செப்டம்பர் 12, மாலை 7:25

மாப்பிள்ளை படம் முடிஞ்சுதுங்ணா. விக்னெட்டிங் புரொஃபைல் 50, ரேடியல் மைனஸ் 0.35, லூமினன்ஸ் ரேஞ்ச் 0-70, கிரெய்ன் 10. வேட்டி மேல 241, கீழ்க் கரைகிட்ட 232. சாஃப்ட் புரூஃப்ல நாலு மூலையும் பார்த்தேன், 22, 19, 24, கீழ் வலது 9.

நொய்யல் | செப்டம்பர் 12, இரவு 8:50

வேட்டி அருமையா வந்திருக்குது. கீழ் வலதுல செண்டை மேளக்காரர் கால் தெரியுதுன்னு நினைக்கிறேன், அங்கே இயல்பாவே நிழல். ரேடியல் மாஸ்க்குல சப்ட்ராக்ட் எடுத்து, பிரஷ் ஃப்ளோ 40ல அந்த மூலையை மட்டும் ரெண்டு தடவை தடவுங்க. 16, 17க்கு வந்ததும் லேப்புக்கு அனுப்பிடலாம்.